ஐந்து பேர் தனித்தனியாக ஆடினால் அது குழுவா?

ஒரு வாசகரின் கேள்வி, 12 மார்ச் 2024

வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் படைப் போர் விளையாட்டின் குழுப் போட்டிக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து மேசை, ஐந்து பேர். ஒவ்வொருவரும் தன் எதிராளியோடு தனியாக ஆடுகிறார், கடைசியில் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுகிறீர்கள். கபடியில் குழு இருக்கிறது, கிரிக்கெட்டில் இருக்கிறது. இதில் குழு எங்கே? ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டால் குழுவாகிவிடுமா?

12 மார்ச் 2024, இரவு

சட்டைகூட ஒரே நிறம் கிடையாது. ஒருவருக்கு அளவு சரியில்லை என்று இன்னும் பழைய சட்டையில்தான் வருகிறார்.

எங்கள் கேப்டனின் சட்டைப்பையில் மடித்து வைத்த ஒரு காகிதம் இருக்கிறது. குழு அங்கேதான் இருக்கிறது. பகடை உருள்வதற்கு முன்னாலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். காலையில் வேலைக்குப் போக வேண்டும், நாளை விரிவாக எழுதுகிறேன்.

13 மார்ச் 2024

சரி, ஜோடி போடும் கதை. இங்கே பேரிங் என்பார்கள். ஊரில் சேவற்கட்டில் ஜோடி பார்ப்பதை நேரில் கண்டவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். எந்தச் சேவலை எதனோடு விடுவது என்பதில்தான் அங்கே முக்கால்வாசிப் பேச்சு நடக்கும்.

தனிநபர் போட்டியில் யாரோடு மோதுவது என்பதைக் கணினி சொல்லிவிடும். குழுப் போட்டியில் அதை இரண்டு கேப்டன்களும் எதிரெதிரே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். குழுவில் ஐந்து பேருக்கும் வேறு வேறு படை இருக்க வேண்டும். ஒருவர் ஓர்க் படையை எடுத்தால் இன்னொருவர் எடுக்க முடியாது. எல்லாப் படைப்பட்டியலும் முன்கூட்டியே வெளியாகிவிடும், அதனால் எதிர்க்குழுவில் யார் என்ன கொண்டுவருகிறார் என்பது ரகசியமே இல்லை.

கேப்டன் கையில் ஐந்து சீட்டு, ஆளுக்கு ஒன்று. முதலில் இருவரும் தலா ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அதுதான் டிஃபெண்டர். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். அப்புறம் எதிரியின் டிஃபெண்டருக்கு எதிராக இருவரும் தலா இரண்டு சீட்டு வைக்கிறார்கள், அவர்கள் அட்டாக்கர்கள். அந்த இருவரில் யாரோடு தன் டிஃபெண்டர் ஆடுவார் என்று அவருடைய கேப்டன் தேர்வு செய்வார். ஆக இரண்டு ஆட்டம் முடிவாகிவிட்டது. கையில் மூன்று சீட்டு மிச்சம். மறுபடியும் அதே சடங்கு. மறுக்கப்பட்டவர் ஒதுங்கி நிற்பார், கடைசியில் இரண்டு பக்கமும் மறுக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் மோதுவார்கள்.

டிஃபெண்டராக முதலில் யாரை இறக்குவது? நம்முடைய மிகப் பலமான ஆளை என்று தோன்றும். தப்பு. யார் வந்தாலும் படுமோசமாகத் தோற்காத ஆளைத்தான் இறக்க வேண்டும். பலசாலி என்றால் பெரும்பாலும் ஒரு பலவீனமும் கூடவே வரும். பெரிய இயந்திரங்கள் மட்டுமே கொண்ட நைட்ஸ் படையை முதலில் இறக்கினால், எதிரி தன்னிடமுள்ள டாங்கி எதிர்ப்புப் படைகள் இரண்டையும் அட்டாக்கராக வைத்துவிடுவார். எதைத் தேர்ந்தாலும் அடிதான். அந்த நைட்ஸைக் கடைசி வரை கையிலேயே வைத்திருந்து, எதிரியிடம் டாங்கி எதிர்ப்பு தீர்ந்தபின் இறக்கினால் அதே படை ஒரு மேசையைத் துவம்சம் செய்யும். சீட்டாட்டத்தில் துருப்பை எப்போது இறக்குவது என்று யோசித்தவர்களுக்கு இது பழகிய வலிதான்.

என் படை டெத் கார்ட். நோய் பிடித்து அழுகிய வீரர்கள். மெதுவாக நடப்பார்கள், சீக்கிரம் சாக மாட்டார்கள். டிஃபெண்டராக இறக்குவதற்கென்றே செய்தது போன்ற படை. என்னைப் பற்றியும் வீட்டில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

13 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

மேலே ஒரு பிழை, ஒரு நண்பர் உடனே பிடித்துவிட்டார். முதல் முறை மறுக்கப்பட்ட அட்டாக்கர் ஒதுங்கி நிற்பதில்லை. கேப்டன் கைக்கே திரும்பி வருகிறார், அடுத்த முறை டிஃபெண்டராகக்கூட இறங்கலாம். கடைசி முறை மறுக்கப்படும் இருவர் மட்டும்தான் தங்களுக்குள் மோதுவார்கள். கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும்: 2, மறுபடி 2, அப்புறம் மிஞ்சிய 1.

இரண்டு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு இதைத் தப்பாக எழுதினேன் என்பதைக் கேப்டனிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

17 மார்ச் 2024

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அது ஒரு கட்டம் போட்ட அட்டவணை. இடப்பக்கம் நாங்கள் ஐவர், மேலே எதிர்க்குழுவின் ஐவர், மொத்தம் 25 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 20-க்கு எத்தனை எடுப்போம் என்ற மதிப்பீடு. 12-க்கு மேல் பச்சை, 8-க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். போட்டிக்கு முந்தைய வாரம் ஆளாளுக்குத் தன் வரிசையை நிரப்பி அனுப்ப வேண்டும். கேப்டன் குழாய் வேலை செய்பவர். கணினியில் வரும் அட்டவணையை அவர் நம்புவதில்லை, கையால் எழுதி வண்ணப் பென்சிலால் அடிப்பார்.

முதல் வருடம் என் வரிசையை நான் நிரப்பிய அழகைச் சொல்கிறேன். வாழ்க்கையில் ஒருமுறைகூட எதிர்கொண்டிராத படைகளுக்கெல்லாம் 12 போட்டேன். "சமாளித்துவிடலாம்" என்ற நம்பிக்கையின் பெயர் 12. போட்டி முடிந்ததும் கேப்டன் எல்லோருடைய மதிப்பீட்டையும் நிஜ மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினார். எல்லோருமே கூட்டித்தான் எழுதியிருந்தோம். அன்றிலிருந்து ஆளுக்கு 2 கழித்துத்தான் கட்டத்தில் எழுதுகிறார். எனக்கு மட்டும் 3.

கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. தனிநபர் போட்டியில் என் தலைக்கனம் என்னை மட்டும்தான் கெடுக்கும். இங்கே என் பொய்யான 12-ஐ நம்பி அவர் வேறொருவரை எங்கேயோ அனுப்பிவிடுவார்.

20 மார்ச் 2024

"20-க்கு எத்தனை" என்றால் என்ன என்று கேட்டவருக்கு.

ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 100 புள்ளி. களத்தில் குறியிட்ட இடங்களைப் பிடித்து வைப்பதற்கு 50, கூடுதல் பணிகளுக்கு 40, படை முழுக்க வண்ணம் தீட்டியிருந்தால் 10. (ஆம், வண்ணத்துக்கு மதிப்பெண் உண்டு. இதைப் பற்றி அழவேண்டிய கதை ஒன்று பின்னால் வருகிறது.) இருவருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தை 20-க்கு மாற்றுவார்கள். வித்தியாசம் 5 வரை என்றால் 10-10. அதற்கு மேல் ஒவ்வொரு 5-க்கும் ஒரு படி: 6 முதல் 10 வரை 11-9, 11 முதல் 15 வரை 12-8, இப்படியே போகும். 50-ஐத் தாண்டினால் 20-0.

ஐந்து மேசைக்கும் சேர்த்து 100. எங்கள் போட்டியில் 56 எடுத்தால் குழுவுக்கு வெற்றி, 45-லிருந்து 55 வரை சமன், 44 என்றால் தோல்வி.

உலகக் குழுச் சாம்பியன்ஷிப்பில் நாட்டுக்கு எட்டுப் பேர், ஆக மொத்தம் 160. அங்கே 86 வெற்றி, 75 முதல் 85 வரை சமன். எட்டுப் பேர் என்றால் ஜோடி போடும் சடங்கு மூன்று முறை நடக்கும். கடைசியில் மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள், யாருமே தொடாமல் கையில் மிஞ்சிய இருவர் தங்களுக்குள்.

கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் "மதிப்பெண்ணைக் கூட்டுகிறீர்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போன இடம் இதுதான். தனியாக ஆடும்போது தோல்வி தோல்விதான், 9-11-ம் ஒன்று, 0-20-ம் ஒன்று. வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இங்கே அந்த இரண்டுக்கும் நடுவில் 9 மதிப்பெண் இருக்கிறது, அது குழுவின் சொத்து. தோற்பதிலும் அளவு இருக்கிறது. "நீ தோற்கப்போகிறாய், 7-க்குத் தோற்றுவிட்டு வா" என்று ஒருவர் உங்களை அனுப்புவார். நீங்கள் போக வேண்டும், 7-க்குத் தோற்க வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது.

2 ஏப்ரல் 2024

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே எழுதியதெல்லாம் உபதேசமாகிவிடும்.

சனிக்கிழமை, போட்டியின் மூன்றாவது சுற்று. விளையாட்டு அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய போட்டி. தரையில் பாட்மின்டன் கோடுகள், மேலே வரிசையாக மடக்கு மேசைகள். காலை ஒன்பது மணியிலிருந்து நின்றுகொண்டே ஆடிக் கால் மரத்துப் போயிருந்தது. எதிர்க்குழுவில் ஒருவர் ஏல்தாரி வைத்திருந்தார். அந்தச் சமயம் ஏல்தாரி என்றாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். வேகமான படை, என்னுடையதோ ஆமை. கேப்டன் என்னைத்தான் அதற்கு எதிராக அனுப்பினார். என்னை அங்கே விட்டால் எங்கள் நைட்ஸுக்கு நல்ல மேசை கிடைக்கும். காகிதத்தில் என் கட்டத்தில் 7, சிவப்பு. தோளில் தட்டி, "ஏழுக்குக் கீழே மட்டும் போகாதே" என்றார்.

ஓர் ஆட்டத்துக்குள்ளும் ஐந்து சுற்று உண்டு. மூன்றாவது சுற்று முடிவில் நான் 18 புள்ளி பின்னால். 13-7. கட்டத்தில் எழுதியது அச்சு அசலாக நடந்துகொண்டிருந்தது. என்னிடம் இரண்டு குறியிடங்கள், சுற்றிலும் அழுகிய வீரர்கள் சுவர் மாதிரி நிற்கிறார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். கடிகாரம் ஓடும், ஆட்டம் முடியும், 7.

அப்போதுதான் நடுக்களத்தைப் பார்த்தேன். அவருடைய ஒரு முக்கியமான பிரிவு திறந்த வெளியில் நின்றது. என்னிடம் மோர்டாரியன் இருந்தார். இறக்கை வைத்த பெரிய சிலை, மூன்று மாதம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியது, அன்று முழுக்க ஒரு மூலையில் சும்மா நின்றிருந்தது. பாய்ந்து போய் அந்தப் பிரிவை அழித்தால் ஆட்டத்தை வென்றுவிடலாம். 7 இல்லை, 11, 12! பாய்ச்சலுக்கு இரண்டு பகடையில் 8 வேண்டும். 36-ல் 15 வாய்ப்பு, பாதிக்கும் கீழே. மறுபடி உருட்டத் தேவையான கட்டளைப் புள்ளியையும் முன்பே வேறெதற்கோ செலவழித்துவிட்டேன். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் உருட்டினேன்.

2-ம் 3-ம் விழுந்தது.

மோர்டாரியன் நடுவெளியில் தன்னந்தனியாக, கல்யாண வீட்டில் வழி தவறிப்போன பிள்ளை மாதிரி நின்றார். அடுத்த முறை ஏல்தாரிகள் சுட்டே தீர்த்துவிட்டார்கள். சுவரில் விழுந்த ஓட்டை வழியாக என் குறியிடம் ஒன்றும் போயிற்று. முடிவு 42-84. வித்தியாசம் 42, அதாவது 2-18.

மற்ற நான்கு மேசை 13, 8, 15, 6. என்னுடைய 2-ஐக் கூட்டினால் 44.

சொன்ன 7-ஐ எடுத்திருந்தால் 49, சமன். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "சாப்பிடப் போகலாம்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, குழு எங்கே என்ற கேள்விக்கு என்னிடமிருக்கும் பதில் இதுதான். அந்தப் பகடையை உருட்டும்போது நான் தனி ஆளாக ஆடினேன். அதனால்தான் தோற்றோம்.

3 ஏப்ரல் 2024

"கேப்டன் நடுவில் வந்து தடுத்திருக்கலாமே?" முடியாது. எங்கள் போட்டியில் கேப்டன் மேசை மேசையாகச் சுற்றலாம், மதிப்பெண்ணைக் கேட்கலாம், "நமக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லலாம். எதை எங்கே நகர்த்து என்று ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரே ஒரு மேசையில் ஆடிக்கொண்டும் இருக்கிறார், அவர் கடிகாரமும் ஓடுகிறது. நான் மோர்டாரியனைக் கையில் தூக்கியபோது நான்கு மேசை தள்ளி நின்று அவர் பார்த்தாராம். பிறகு சொன்னார். கண்ணை மூடிக்கொண்டாராம்.

4 ஏப்ரல் 2024

"36-ல் 15 ஒன்றும் மோசமில்லையே, நானும் உருட்டியிருப்பேன்" என்று எழுதிய தம்பிக்கு: எங்கள் குழுவில் ஓர் இடம் காலியானால் சொல்லி அனுப்புகிறேன். எதிர்க்குழுவில் காலியானாலும் சொல்லி அனுப்புகிறேன்.

9 ஏப்ரல் 2024

இந்த இழையை எங்கள் ஓர்க் ஆட்டக்காரருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது நீ தோற்றதில்லை, நான் தோற்றது" என்றார்.

வண்ணக் கதை இப்போது. அவருடைய ஓர்க் படையில் ஆறு பொம்மைகளுக்கு வண்ணம் முடியவில்லை. முந்தின இரவு விடுதி அறையில் குளியலறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தீட்டியிருக்கிறார், அப்படியே தூங்கிவிட்டார். காலையில் அந்த ஆறும் சாம்பல் நிறத்திலேயே மேசைக்கு வந்தன. அதனால் வண்ணத்துக்கான 10 புள்ளி போயிற்று. அந்தச் சுற்றில் அவர் தோற்ற வித்தியாசம் 23, அதாவது 6-14. அந்தப் பத்து இருந்திருந்தால் வித்தியாசம் 13, மதிப்பெண் 8. குழுவுக்கு 46. சமன்!

ஒரு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நானும்தான்.

சந்தேகம் வந்து மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். நைட்ஸ் ஆட்டக்காரர் 15 எடுத்தவர், அன்று எங்களில் அதிகம் எடுத்தவர் அவர்தான். அவரிடமும் ஒரு கதை இருக்கிறது. எதிராளி ஒரு பணிக்குப் புள்ளி எழுத மறந்துவிட்டு அடுத்த சுற்றில் கேட்டாராம். இவர் பெருந்தன்மையாக "பரவாயில்லை, எழுதிக்கொள்" என்றாராம். மூன்று புள்ளி. அவருடைய வெற்றி வித்தியாசம் சரியாக 30-ல் நின்றது. அந்த மூன்றை மறுத்திருந்தால் 33, மதிப்பெண் 16, குழுவுக்கு 45. சமன்.

8 எடுத்தவருக்கும் ஒன்று இருக்கிறது. அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 13 எடுத்த கேப்டனிடம் நான் கேட்கவில்லை.

2-ஆம் தேதி எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "அதனால்தான் தோற்றோம்" என்று என்னவோ முழுப் பழியும் எனக்கே சொந்தம் என்பது போல எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு தலைக்கனம்தான்.

28 ஏப்ரல் 2024

இழை திசைமாறுகிறது, மன்னிக்கவும். "இப்படிக் குழுவாக ஆடுவது புதிதாக வந்த பழக்கமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

பழசு. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி தன் போர் விளையாட்டை ராணுவத் தலைமைக்குக் காட்டினார், அது குழுவாகவே ஆடக்கூடியது. ஒரு பக்கத்தில் பல அதிகாரிகள் இருக்கலாம். கட்டளையைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள், அவர்தான் வரைபடத்தில் கட்டைகளை நகர்த்துவார். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவர் சொன்னால்தான் தெரியும். பக்கத்து அதிகாரி என்ன நினைக்கிறார் என்பதும் பல நேரம் தெரியாது. உண்மையான போரின் குழப்பம் அப்படியே இருக்கும்.

பிரிட்டனில் பழங்கால, இடைக்காலப் போர்களை ஆடுகிறவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. இருவர் சேர்ந்து ஒரே படையை நடத்துவது. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நீண்ட கால நட்புகள் பல அந்த மேசைகளில் சோதனைக்கு உள்ளாகின்றன என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். என் மனைவியோடு ஒருமுறை அப்படி ஆடினேன். ஒரே ஒருமுறை.

அமெரிக்காவில் சிகாகோ பக்கம் 2003-ல் தொடங்கிய அடெப்டிகான் விளையாட்டு விழா வேறு மாதிரி. நால்வர் ஒரு குழு, இருவர் இருவராகப் பிரிந்து ஆடுவார்கள். நால்வருடைய படைகளும் ஒரே கதையில் பொருந்த வேண்டும். அதற்கென்று ஒரு காட்சிப் பலகை செய்து, எரிமலை, இடிந்த கோட்டை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஓர்க் ஆட்டக்காரரை அங்கே உள்ளேயே விட மாட்டார்கள்.

நாங்கள் ஆடும் முறையை வளர்த்தது ஐரோப்பியக் குழுச் சாம்பியன்ஷிப். நாட்டுக்கு எட்டுப் பேர், வருடம் ஒரு நாடு. 2017-ல் ஸ்பெயினின் சலமான்காவில், 2018-ல் குரோஷியாவின் ஜாக்ரெப்பில். ஐரோப்பிய என்று பெயர் வைத்துவிட்டு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வந்து ஆடின. யாரும் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 2015-ல் வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன்னுடைய பழைய வார்ஹாமர் ஃபேன்டசி விளையாட்டை மூடிவிட்டது. பல வருடம் சேர்த்து வண்ணம் தீட்டிய படைகளோடு ஆட்கள் அந்தரத்தில் நின்றார்கள். அப்போது இந்தப் போட்டி வட்டத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து நைன்த் ஏஜ் என்று தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்றால் தனித்தனியாகப் பொம்மைகளைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்திருப்பார்கள்.

19 மே 2024

இது புலம்பல், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நேற்று ஒரு சிறிய போட்டி, எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். எதிராளி தன் முறையில் ஒவ்வொரு பொம்மையையும் அளந்து, யோசித்து, தேநீர் குடித்து, மறுபடி அளந்தார். சதுரங்கக் கடிகாரம் வைக்கலாம் என்றேன். "நட்பாக ஆடுவோமே" என்றார். நட்பாக மூன்று மணி நேரத்தில் மூன்று சுற்றுதான் முடிந்தது. என் படை நான்காவது, ஐந்தாவது சுற்றில்தான் புள்ளி சேர்க்கும். இனிமேல் கடிகாரம் இல்லாமல் கடவுளோடுகூட ஆடுவதாக இல்லை.

20 மே 2024

யோசித்துப் பார்த்தால், அவருக்கும் அவருடைய கேப்டன் ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் என்னிடம் 9-11-க்குத் தோற்றார். எழுந்து போகும்போது முகத்தில் வருத்தமே இல்லை.

கடிகாரம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

23 செப்டம்பர் 2024

நாலு மாதம் கழித்து இழையைத் தூசி தட்டுகிறேன், காரணம் உண்டு. நேற்று புடாபெஸ்டில் சதுரங்க ஒலிம்பியாட் முடிந்தது. இந்தியாவுக்குப் பொதுப் பிரிவிலும் தங்கம், பெண்கள் பிரிவிலும் தங்கம். சென்னைப் பையன்கள் குகேஷும் பிரக்ஞானந்தாவும் பதக்கத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை.

முதலில் குழு எங்கே என்று கேட்டவரிடம் தனிச்செய்தியில், "சதுரங்கத்தில் உங்கள் வாதம் சரி, அங்கே முதல் பலகைக்காரர் முதல் பலகைக்காரரோடு ஆடுவார், ஜோடி போடும் வேலையே கிடையாது" என்று அளந்திருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்திய அணியில் அதிகத் தரப்புள்ளி வைத்திருந்தவர் அர்ஜுன் எரிகைசி. அவரை முதல் பலகையில் வைக்கவில்லை, மூன்றாவதில் வைத்தார்கள். முதலில் குகேஷ், இரண்டாவதில் பிரக்ஞானந்தா. மற்ற நாடுகளின் மூன்றாம் பலகைக்காரர் எதிரே அர்ஜுன் வந்து உட்கார்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? முடிவில் குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம், அர்ஜுன் மூன்றாம் பலகையில் தனிநபர் தங்கம். பலகை வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. ஒருவருக்கு ஓய்வு கொடுத்து மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம், அவ்வளவுதான். ஆக, ஜோடி போடும் வேலை அங்கேயும் உண்டு. நாங்கள் சுற்றுக்குச் சுற்று சீட்டைக் கவிழ்த்துச் செய்கிறோம். அவர்கள் ஒரே ஒருமுறை செய்துவிட்டு, பதினொரு சுற்றுக்கும் அதோடு வாழ்கிறார்கள்.

"உன்னிடம் தரப்புள்ளி அதிகம், ஆனால் மூன்றாவதில் உட்கார்" என்று சொன்னால் உட்காரும் ஆள் எனக்கு அதிசயமாகத் தெரிகிறார். நானோ கேப்டன் 7 என்று சொன்னதற்கே உட்காராதவன்.

கேப்டனிடம் இதைச் சொன்னேன். பெயர்களை எழுதித் தரச் சொன்னார். காகிதத்தின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

11 நவம்பர் 2024

சனி, ஞாயிறு போட்டி முடிந்து வந்தேன். கடைசிச் சுற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், உடம்பு வலிக்கிறது.

முதல் டிஃபெண்டராக என் சீட்டுதான் போயிற்று. எதிரே அட்டாக்கர்களாக ஏல்தாரியும் டாவ் படையும். தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டே இருக்கும் டாவ் எனக்கு வேப்பங்காய், ஏல்தாரி அதற்குமேல் வேப்பங்காய். கேப்டன் என்னைப் பார்த்தார். டாவ் என்று சொன்னேன். "எத்தனை?" என்றார். உண்மையைச் சொன்னேன்: 8.

நான்காம் சுற்றில் மறுபடியும் ஒரு வாய்ப்பு வந்தது. மோர்டாரியனுக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரிய டாவ் இயந்திரம். இந்தத் தடவை பகடையில் 7 போதும், 36-ல் 21. கையில் கட்டளைப் புள்ளியும் இருந்தது. எதிராளியே நிமிர்ந்து பார்த்தார், வருவேன் என்று எதிர்பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்து ஓர்க் ஆட்டக்காரர் எட்டிப் பார்த்தார். (ஆறு பொம்மையும் வண்ணம் தீட்டியாயிற்று, ஒவ்வொன்றாகத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.) மோர்டாரியனைக் குறியிடத்தின் பின்னால், இடிந்த சுவருக்கு மறைவாகத் தள்ளி வைத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது.

8-12. மற்றவர்கள் 14, 11, 16, 9. மொத்தம் 58.

உருட்டியிருந்தால் வென்றிருப்பேனா? இருக்கலாம், நேற்று இரவு படுத்தபின்பும் அதைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். மூன்று முறை உருட்டினேன், மூன்றிலும் 9-க்கு மேல் விழுந்தது.

கார் நிறுத்துமிடத்தில் கேப்டன் அடுத்த போட்டிக்கான காகிதத்தைக் கொடுத்தார். என் வரிசையில் பழைய கழித்தல் கணக்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தது. இப்போது எனக்கும் 2-தான்.